கம்பைலர் தூக்கிய வரி

ஒரகடத்தில் வாகன உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையொன்றின் மென்பொருள் பிரிவில் இருந்தேன். பாகங்களை ஸ்கேன் செய்து லேபிள் அச்சிடும் நிரல் எங்கள் பொறுப்பு. ஃபங்ஷனல் வகை நிரல்மொழியில் எழுதியது. யாருக்கும் புரியாமல் சிக்கிக் கிடந்த அதன் ஒரு பகுதியைப் பிரித்து, பெயர்களை மாற்றி, படிக்கும்படி எழுதினேன். மறுநாளே, ஸ்கேன் ஆகாத பாகங்களும் லேபிள் ஒட்டி வெளியே வந்தன. உற்பத்தி லைனை நிறுத்தினார்கள்.

டீம் லீடர் என்னை லைனுக்கே வரவழைத்தார். ஆபரேட்டர்கள் சுற்றி நிற்க, "இன்னாம்மா பண்ணி வெச்சிக்கீற? நல்லா ஓடிக்கினு இருந்ததுல எதுக்குக் கை வெச்ச?" என்று கத்தினார். அன்றே நிரலை மாற்றும் அனுமதியைப் பறித்து, கையேடு தட்டச்சு செய்ய உட்கார வைத்தார். வீடு இருக்கும் குன்றத்தூர் வரை கம்பெனி பஸ்ஸில் யார் முகத்தையும் பார்க்காமல் போனேன்.

"விடு, வேற வேலை பார்த்துக்கலாம்" என்றார் கணவர். நான் விடுவதாக இல்லை.

நிரலை மாற்ற முடியாதே தவிர, பார்க்க முடியும். நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர், அதற்கு முன் அதை எளிய இடைவடிவமாகச் சுருக்கிக்கொள்ளும். என் மாற்றத்துக்கு முந்தைய இடைவடிவத்தையும் பிந்தையதையும் எடுத்து, பெயர்களை நீக்கி ஒப்பிட்டேன். ஓர் எழுத்துகூட வேறில்லை. கம்பைலருக்கு இரண்டும் ஒன்றே.

அப்படியானால் யார்? நான் மாற்றிய அதே நாளில் டீம் லீடரும் ஒரு சிறு மாற்றம் செய்திருந்தார். "ஸ்கேன் காலி என்றால் நிறுத்து" என்ற வரி நிரலில் அப்படியே இருந்தது. ஆனால் அதற்கு மேலே "எது வந்தாலும் அச்சிடு" என்று அவர் சேர்த்திருந்தார். மேல் வரியே எல்லாவற்றையும் பிடித்துக்கொள்வதால், கீழ் வரி வீண் என்று கம்பைலர் தூக்கிவிட்டது. இடைவடிவத்தில் அது இல்லவே இல்லை.

உடனே சொல்லவில்லை. மேனேஜரின் ஆய்வுக் கூட்டம் வரை காத்திருந்தேன். என் மாற்றத்தால்தான் எல்லாம் என்று டீம் லீடர் விளக்கி முடித்ததும், அவருடைய மாற்றத்துக்குப் பிந்தைய இடைவடிவத்தைத் திரையில் போட்டேன்.

"சார், நிறுத்துற வரி எங்க இருக்குன்னு காட்டுங்க."

மேலும் கீழும் தேடினார். நான் உதவவில்லை. அவர் கழுத்து வியர்ப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவ்வளவு இனிப்பாக இருந்தது. கடைசியில் மேனேஜர்தான், "இந்த மாத்தம் யார் போட்டது?" என்று கேட்டார்.

வெளியே வந்ததும், "தனியா சொல்லிருக்கலாமேம்மா" என்றார் டீம் லீடர்.

"என்கிட்ட தனியாவா சொன்னிய?" கோபத்தில் என் திருநெல்வேலிப் பேச்சு வந்துவிட்டது.

அனுமதி திரும்பக் கிடைத்தது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. சில மாதங்களில் அவர் வேறு பிளான்ட்டுக்கு மாறிப்போனார். வழியனுப்பக் கேக் வெட்டினார்கள், நான் போகவில்லை. யாரோ ஒரு துண்டை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள். அதைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்தேன்.