நின்று நின்று போன கணினி

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலில், இரண்டு நிரல்கள் ஒரே நேரத்தில் ஒரே நினைவகத்தில் கை வைக்காமல் தடுக்கும் பூட்டு ஒன்றை நான் எழுதியிருந்தேன். அது எப்போதாவது தவறி, கணினியே நின்றுவிடுகிறது என்று புகார் வந்தது. விடுமுறைக்கு ராமநாதபுரம் வந்திருந்தேன். என் பழைய லேப்டாப்பில் அந்தப் பிழை தலைகாட்டவே இல்லை. இரண்டு நிரல்கள் உண்மையிலேயே ஒரே நேரத்தில் ஓடினால்தான் அது வரும்; அதற்கு இரட்டை பிராசசர் உள்ள கணினி வேண்டும்.

எரிச்சலோடு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். முன்பின் தெரியாத எனக்கு, உரிமையாளர் அக்கா அப்படிப்பட்ட தன் புதுக் கணினியைக் கொடுத்தார். நான் என்ன மாற்றினாலும் அது நின்றது. வெறுத்துப்போய் எழுந்தேன்.

“எம்மெசின நிப்பாட்டிட்டு எங்கன போறீக தம்பி? உக்காருங்க” என்று அதட்டினார்.

உட்கார்ந்து என் நிரலை மறுபடி படித்தபோதுதான் தெரிந்தது: நினைவகம் காலியா என்று பார்த்த பிறகே பூட்டியிருந்தேன்; அந்த இடைவெளியில் இன்னொரு நிரல் புகுந்துவிடுகிறது. முதலில் பூட்டிவிட்டுப் பார்க்கும்படி மாற்றினேன். கணினி மாலைவரை நிற்காமல் ஓடியது.

திருத்தத்தை அனுப்பும்போது, அதைச் சோதித்தவர் பெயரையும் சேர்ப்பது வழக்கம். அக்காவிடம் பெயர் கேட்டேன்.

“பேரு கெடக்கட்டும். இனி நிக்காதுல்ல?”

என் வேலையை அவ்வளவு கறாராக வேறு யாரும் சோதித்ததில்லை.