பர்மாக்காரர் தோட்டத்தில் சிலோன் பெரட்டு

எழுபதுகளின் பிற்பாதியில் நான் சங்கரன்கோவிலில் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபர். பஸ் கவிழ்ந்தால் எழுதுவேன், மந்திரி வந்தால் எழுதுவேன். இரண்டும் நடக்காத வாரங்களில் தலைமை அலுவலகத்திலிருந்து ஏதாவது யோசனை வரும். ஓர் ஆனி மாதத்தில் வந்த யோசனை இது: உங்கள் ஊரில் பர்மாவிலிருந்து திரும்பியவர்களும் இருக்கிறார்கள், சிலோனிலிருந்து திரும்பியவர்களும் இருக்கிறார்கள். இவர்களில் யார் நன்றாக இருக்கிறார்கள்? ஒப்பிட்டு எழுதவும்.

பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரரிடம் முதலில் கேட்டேன். அவர் ஆற்றிக்கொண்டிருந்த டீயிலிருந்து கண்ணை எடுக்காமலே தீர்ப்புச் சொன்னார்.

"பர்மாக்காரன் பொழைச்சுக்கிடுவான். சிலோன்காரன் ரேடியோ கேப்பான். இதுக்குப் போயி பேப்பர்ல எழுதணுமாக்கும்?"

ரேடியோ விஷயம் உண்மைதான். ராஜபாளையம் சாலையில் சிலோன்காரர்களுக்கு அரசு கட்டிக்கொடுத்த ஒற்றை வரிசை வீடுகள் இருந்தன. நான் நுழைந்த வீட்டில் ஒரு ரேடியோ, ஒரு தையல் மிஷின், சுவர்க்கடிகாரம், நீட்டுக் குடை இரண்டு, மடித்து அடுக்கிய கம்பளிகள். ஊரில் ஒரு வாத்தியார் வீட்டில்கூட இத்தனை சாமான் பார்க்க முடியாது. கப்பலேறும் முன் கையிலிருந்ததையெல்லாம் சாமானாக மாற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். கம்பளியை மட்டும் யாரும் விலைக்குக் கேட்கவில்லை. எங்கள் ஊரில் மார்கழியில்கூட ஒரு துண்டு போதும்.

வீட்டுக்காரிக்கு நாற்பது வயது இருக்கும். மலையகத் தேயிலைத் தோட்டத்தில் சிறுமியாக இருந்தபோதே கொழுந்து பறிக்கப் போனவர். புருஷன் வாசலில், உச்சி வெயிலில், சட்டையில்லாமல் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். வெயிலைத் திட்டாத ஒரு மனிதரை அந்த ஊரில் அன்றுதான் பார்த்தேன்.

"அவருக்கு இழுப்புங்க ஐயா" என்றார் அந்த அம்மாள். "அங்க மழை, பனி. ஒருநாளும் நெஞ்சு சும்மா இருந்ததில்லை. இங்க வந்து ரெண்டு கோடை ஆச்சு, மூச்சு விடுற சத்தமே கேக்கலை. தூங்குறப்ப பயந்துபோயி எழுப்பிப் பாப்பேன்."

"எழுப்புனதுக்கு அப்புறம் எனக்குத் தூக்கம் வராது" என்றார் கல்லில் இருந்தவர். "அது ஒண்ணுதான் இப்ப வியாதி."

அரசு இவர்களுக்குக் கடனும் கொடுத்திருந்தது. அதில் அம்மாள் ஒரு சின்ன மளிகைக்கடை வைத்தார். கடை ஏன் போயிற்று என்று கேட்டேன். பதிலில் வருத்தமே இல்லை, வியப்புதான் இருந்தது.

"அரிசி இல்லை, பருப்பு இல்லைன்னு வந்து நிக்கிறாங்க. எடுத்துக்கங்கன்னேன். அங்க தோட்டத்துக் கடையில அப்படித்தாங்க எடுப்போம். சம்பளத்துல பிடிச்சுக்குவாங்க. இங்க நான் யாரு சம்பளத்துல போயி பிடிக்கிறது?"

தராசின் மறுபக்கத்தில் நின்றறியாத ஒரு பெண்ணிடம் தராசைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை அவ்வளவு சுருக்கமாக நான் எழுதியிருக்க முடியாது.

கடை போன பிறகு மிச்சமிருந்தது ஒரே வழி. நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் வேலை கொடுப்பதாகச் சொன்னார்கள். எங்கள் ஊர்க் கோயிலின் ஆடித்தபசுத் திருவிழா முடிந்த மறுவாரம் லாரி வரும், விருப்பமுள்ள குடும்பங்கள் ஏறிக்கொள்ளலாம். வரிசையில் பாதிப் பேர் சரியென்று சொல்லிவிட்டார்கள். அம்மாள் சொல்லவில்லை.

"எனக்குத் தெரிஞ்ச வேலை கொழுந்து எடுக்கிறதுதான். அது இந்த ஊர்ல இல்லை. ஆனா அந்தக் குளிருக்கு இவரைக் கூட்டிட்டுப் போனா, திரும்பி வர்றப்ப நான் ஒத்தையாத்தான் வருவேன்."

கல்லில் இருந்தவர் சூரியன் நகர்ந்ததற்குத் தகுந்தாற்போல் தானும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

பர்மாக்காரரைப் பார்க்க மேலநீலிதநல்லூர் சாலையில் போகவேண்டும். அங்கே ஒரு மல்லிகைத் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். ரங்கூனில் மூன்று தலைமுறையாகத் துணிக்கடை நடத்திய குடும்பம். கடையை அரசாங்கம் எடுத்துக்கொள்ள, உடுத்திய துணியோடு வந்து இறங்கினார்கள். அவர் வீட்டில் பர்மாவைச் சொல்ல அவர் கட்டியிருந்த பூப்போட்ட கைலியைத் தவிர ஒன்றுமில்லை. ஆனால் பஸ் ஸ்டாண்டில் ஒரு புரோட்டாக் கடை இருந்தது, இந்தத் தோட்டம் இருந்தது, தென்காசியில் ஒரு கடைக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மொதல்ல என்ன கடை போட்டேன் தெரியுமா அண்ணாச்சி? ரங்கூன் நூடுல்ஸு. மஞ்சப்பொடி போட்டு, வாழைத்தண்டு போட்டு, பிரமாதமா இருக்கும். ஒரு பய வந்து தட்டைப் பாத்தான். 'என்னவே, இடியாப்பத்துக்கு மஞ்சக்காமாலையா?'ன்னான். அதோட சோலி முடிஞ்சு. மறுநாளே புரோட்டாவுக்கு மாறிட்டேன்."

"வருத்தமா இல்லையா?"

"வாங்குதவன் வாய்க்கு விக்கதுதான யாவாரம்? நம்ம வாய்க்கு வீட்ல செஞ்சு தின்னுக்கிட வேண்டியதுதான்."

என் கட்டுரை அநேகமாக முடிந்துவிட்டது. விற்கத் தெரிந்தவர் வெறுங்கையோடு வந்து நிமிர்ந்திருந்தார். உழைக்கத் தெரிந்தவர்கள் சாமானோடு வந்து ஒவ்வொன்றாக விற்றுக்கொண்டிருந்தார்கள். அரசு கொடுத்த கடன் இரு தரப்புக்கும் ஒன்றுதான், வாங்கிய கைகள்தான் வேறு. இதை எழுதி அனுப்பிவிட்டு நான் அடுத்த பஸ் விபத்துக்குக் காத்திருந்திருக்கலாம்.

ஆனால் பர்மாக்காரர் பேச்சுவாக்கில் ஆள் பஞ்சத்தைச் சொன்னார். ஆடித்தபசுக்கு ஊரே திருவிழாவாகிவிடும். பூவுக்கு வருஷத்தில் அப்போதுதான் அப்படி ஒரு கிராக்கி. பூப்பறிக்கும் பெண்களோ அந்தப் பத்துப் பன்னிரண்டு நாளும் தோட்டத்துப் பக்கமே வரமாட்டார்கள். வீடு நிறையச் சொந்தக்காரர்கள் வருவார்கள், சிலர் கோயிலைச் சுற்றிக் கடை போடுவார்கள்.

"ரெண்டு கையாலயும் பறிக்கிற ஆளுங்க இருக்காங்க" என்றேன்.

"ரெண்டு கையாலயுமா? என்னவே சொல்லுதீரு!"

ஒப்பிட்டு எழுதப் போன நிருபர் இரண்டு பக்கத்தையும் தள்ளித் தள்ளி வைத்திருக்க வேண்டும். நான் சேர்த்துவைத்துவிட்டேன்.

திருவிழா தொடங்கிய அன்று விடியுமுன், அம்மாளோடு சேர்த்து ஆறு சிலோன்காரப் பெண்கள் தோட்டத்துக்கு வந்தார்கள். முதுகில் கூடை, அதன் கயிறு நெற்றியில். மல்லிகை மொட்டை விரிவதற்குள் பறித்துச் சந்தைக்கு அனுப்பவேண்டும். எங்கள் ஊர்ப் பெண்கள் குனிந்து, ஒரு கையால் பறித்து மடியில் போடுவார்கள், பேசிக்கொண்டே பறிப்பார்கள். இவர்கள் பேசவே இல்லை. இரண்டு கையும் கோழி கொத்துவதுபோல் செடிமேல் ஓட, பறித்ததைத் தோளுக்கு மேலாகப் பின்னால் எறிய, அது குறி தவறாமல் கூடையில் விழுந்தது. பர்மாக்காரர் இடுப்பில் கை வைத்து நின்று சிரித்துக்கொண்டே இருந்தார்.

"அண்ணாச்சி, இது ஆளு இல்லவே, மிஷினு!"

வெளிச்சம் வந்தது. கூடையைக் கவிழ்த்தார்கள். சிரிப்பு நின்றது.

ஒவ்வொரு மொட்டோடும் இரண்டு இலை இருந்தது. இரண்டு இலையும் ஒரு கொழுந்தும் கிள்ளித் தேய்ந்த விரல்கள் இருட்டில் தாங்கள் அறிந்ததையே செய்திருந்தன. நுனி நுனியாகக் கிள்ளியதில், நாளை மறுநாள் பூக்கவேண்டிய அரும்புகளும் கூடையில் கிடந்தன. வழக்கமாகப் பூ எடுத்துப் போகிற சந்தைத் தரகர் சைக்கிளிலிருந்து இறங்காமலே கேட்டார்:

"இது என்னவே? கோயிலுக்கா, ஆட்டுக்கா?"

அம்மாள் குவியலைப் பார்த்தார், பிறகு தன் கட்டைவிரல் நகத்தைப் பார்த்தார். ஆறு பேரும் அங்கேயே உட்கார்ந்து இலையை உருவத் தொடங்கினார்கள். உருவி முடிப்பதற்குள் பாதி மொட்டு வாய் திறந்துவிட்டது. விரிந்த பூவைச் சந்தையில் மதிக்கமாட்டார்கள். பர்மாக்காரர் கத்தவில்லை. அதைவிட மோசமாக, மரியாதையாகப் பேசினார்.

"போய்ட்டு வாங்கம்மா. இனி வரவேண்டாம்."

அம்மாள் தலையாட்டிவிட்டுப் போனார். போகும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். வேலை போனவர் முகமாகத் தெரியவில்லை. அது எனக்குப் புரியவில்லை.

மறுநாள் விடியற்காலையில் பர்மாக்காரர் என் வீட்டுக் கதவைத் தட்டினார். "உம்மாலதான் இந்தக் கூத்து. ஆள் பிடிக்க நீரும் கூட வாரும்" என்றார். பக்கத்துக் கிராமங்களில் கெஞ்சிப் பார்ப்பதாகத் திட்டம். அவர் சைக்கிள் மிதிக்க, நான் பின்னால் உட்கார்ந்தேன். வழியில் தோட்டத்தைக் கடக்கும்போது சைக்கிள் தானாக நின்றது.

வரப்பில் ஆறு பெண்கள் ஒரே வரிசையாக நின்றிருந்தார்கள். கூடை முதுகில்.

"உங்களை வரவேண்டாம்னுல்லா சொன்னேன்?"

"அது நேத்தைக்குங்க தொரை" என்றார் அம்மாள். "இன்னைக்கு நாங்க பெரட்டுக்கு வந்துட்டோம். இன்னும் பேர் கூப்பிடலையே."

பெரட்டு என்பது தேயிலைத் தோட்டத்தில் காலைதோறும் நடப்பது. எல்லோரும் வரிசையில் நிற்கவேண்டும், பெயர் கூப்பிடுவார்கள், கூப்பிட்ட பிறகுதான் அன்றைய வேலை. நேற்று எவ்வளவு ஏச்சு வாங்கியிருந்தாலும் இன்று வரிசையில் நிற்கலாம். பட்டியலிலிருந்து பெயரை அடிக்காதவரை ஆள் ஆள்தான். பர்மாக்காரருக்கு இதை அம்மாள்தான் விளக்கினார், பொறுமையாக, பிடிவாதமாக.

"நேத்து தப்பா எடுத்தோம். அதுக்கு அரைப்பேர் போடுங்க. அதுதான் முறை."

"அரைப்பேரா? அது என்னது?"

"கொழுந்து சரியில்லைன்னா அன்னைக்குப் பாதிச் சம்பளம். அதோட அது தீந்துச்சு. மறுநாளைக்கு அதைப் பேசமாட்டாங்க."

எங்கள் ஊரில் அப்படி ஒரு வழக்கம் கிடையாது. ஒரு தப்புக்கு ஆளை விரட்டுவார்கள், அல்லது மன்னித்துவிட்டுப் பத்து வருஷம் சொல்லிக்காட்டுவார்கள். பாதியில் முடித்துக் கணக்கைத் தீர்ப்பதை நாங்கள் கேள்விப்பட்டதில்லை. பர்மாக்காரர் என்னைப் பார்த்தார். நான் செடிகளைப் பார்த்தேன். மொட்டுகள் காத்திருந்தன, சந்தை காத்திருந்தது, பக்கத்துக் கிராமத்தில் ஆள் கிடைப்பது சந்தேகம்.

"இன்னைக்கும் இலையைக் கொண்டாந்தீங்கன்னா?"

அம்மாள் கையை நீட்டினார். ஆறு பேரும் நீட்டினார்கள். எல்லாக் கட்டைவிரலிலும் கிழிந்த கம்பளித் துண்டு இறுக்கிச் சுற்றியிருந்தது. நகம் வெளியே தெரியவில்லை. மொட்டை வளைத்துத் தள்ளினால் அது தானாக வந்துவிடும், கிள்ளத் தேவையில்லை. கிள்ளுகிற பழக்கத்தைப் புத்திசொல்லித் திருத்த முடியாதென்று கட்டிப்போட்டிருந்தார்கள்.

"சரி, போங்க" என்றார் பர்மாக்காரர்.

யாரும் நகரவில்லை.

"போங்கன்னுதான சொல்லுதேன்!"

"பேருங்க" என்றார் அம்மாள்.

பூப்போட்ட கைலி கட்டியிருந்த அந்தத் துரை தொண்டையைச் செருமிக்கொண்டார். ஒவ்வொரு பெயராக அம்மாளிடம் கேட்டு, அதையே உரக்கத் திரும்பக் கூப்பிட்டார். கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருத்தியாக வரிசையிலிருந்து செடிக்குள் இறங்கினார்கள். நாலாவது பெயருக்குள் அவர் குரலில் கொஞ்சம் அதிகாரம் வந்துவிட்டது. அது அவருக்குப் பிடித்திருந்தது என்பதை நான் கவனித்தேன்.

அன்று கூடையில் இலை இருந்தது, ஆனால் கோயில் பிரசாதத்தில் இருக்கிற அளவுக்குத்தான். மூன்றாம் நாள் தரகர் சைக்கிளிலிருந்து இறங்கி எடை போட்டார். திருவிழா முழுக்கப் பூ தடையில்லாமல் போயிற்று.

கவலை திருவிழாவுக்குப் பிறகுதான். தபசு முடிந்தது, சொந்தக்காரர்கள் ஊருக்குப் போனார்கள், பழைய பூக்காரப் பெண்கள் தோட்டத்துக்குத் திரும்புவார்கள். அதே வாரத்தில் லாரியும் வரும். அம்மாள் இன்னும் அதில் ஏறுவதாகவும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பர்மாக்காரரிடம் கேட்டேன்.

"ரெண்டு கூட்டத்துக்கும் தோட்டம் பத்துமா?"

"யாவாரத்துக்கு ஒரு கூட்டம் போதும் அண்ணாச்சி. பழசுக விட்டுக்குடுக்காது. பாப்போம்."

பார்த்தோம். ஏழெட்டுப் பேராகப் பழைய பெண்கள் வந்து சேர்ந்தபோது வரப்பில் பெரட்டு நடந்துகொண்டிருந்தது. முன்னால் வந்தவள் இடுப்பில் கை வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டாள். சண்டை வரப்போகிறது என்று நான் ஒதுங்கி நின்றேன். வந்தது சண்டைதான், நான் நினைத்த சண்டை இல்லை.

"ஏட்டி, இங்கன பாரேன், பேரு சொல்லிக் கூப்பிடுதாரு! நாம இத்தனை வருசமா பறிக்கோம், 'ஏ புள்ள'ங்காம ஒருநாளு பேரு கேட்டிருப்பாரா? என்னவே பர்மாக்காரரே, எங்க பேரு ஒம்ம வாய்ல நுழையாதோ?"

"நுழையும்மா, நுழையும்."

"அப்பம் கூப்பிடும். கூப்பிட்டாத்தான் இறங்குவோம்."

அவர்களும் வரிசையில் நின்றார்கள், நேராக அல்ல, எங்கள் ஊர் வரிசைக்கு உரிய வளைவோடு. அன்று அந்தத் தோட்டத்தில் பதினான்கு பெயர் கூப்பிடப்பட்டது. எட்டு மணிக்கெல்லாம் செடியில் ஒரு மொட்டு இல்லை. அத்தனை சீக்கிரம் பறித்து முடித்தால் பூவுக்கு முதல் விலை கிடைக்கும் என்று தரகர் சொன்னார். அதைக் கேட்டபிறகு பர்மாக்காரர் ஒரு கூட்டம் போதும் என்று சொல்வதை நிறுத்திக்கொண்டார். மறுநாள் பக்கத்து நிலத்துக்காரரிடம் குத்தகை பேசப் போனார்.

கட்டுரையை அதற்குமேல் தள்ளிப்போட முடியவில்லை. யார் நன்றாக இருக்கிறார்கள் என்ற கேள்விக்கு, பர்மாக்காரர்கள் என்று எழுதினேன். அது உண்மை. சிலோன்காரர்களில் ஒரு வீட்டுக்காரி பர்மாக்காரர் ஒருவருக்கு ஆளை நிர்வாகம் பண்ணக் கற்றுக்கொடுத்ததை ஒப்பீட்டின் எந்தப் பக்கத்தில் போடுவதென்று தெரியாமல் கடைசிப் பத்தியில் போட்டேன். இடம் போதவில்லையென்று கடைசிப் பத்தியை வெட்டிவிட்டார்கள்.

லாரி ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. ராஜபாளையம் சாலை வரிசையில் பாதி வீடு காலியாயிற்று. ரேடியோக்களும் குடைகளும் ஏறின. கம்பளிகளை இப்போது எல்லோரும் கவனமாக எண்ணி ஏற்றினார்கள். அம்மாள் அங்கே இல்லை, தோட்டத்தில் இருந்தார். அதிகாரி பட்டியலைப் பார்த்துக்கொண்டு அவர் புருஷனிடம் வந்தார்.

"உங்க வீட்ல ஏறலையா? கடைசியா கேக்கிறேன்."

"காலையில பேர் கூப்பிட்டாச்சுங்களே" என்றார் அவர். "கூப்பிட்டப்புறம் எப்படிங்க வேற இடத்துக்குப் போறது?"

அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைப் பார்த்தார். நான் விளக்க ஆரம்பிப்பதற்குள் டிரைவர் ஹாரன் அடித்தார். லாரி கிளம்பிக் கண்ணுக்கு மறைந்த பிறகும் புழுதி வெகுநேரம் அடங்கவில்லை. அவர் அதைக் கையால் விலக்கிக்கொண்டு, ஒரு தடவைகூட இருமாமல், பக்கத்து வீட்டுக்காரர் விட்டுப்போன கோழிகளைத் தேடிப் பிடிக்க எழுந்தார்.