சொல்லைக் கொடுக்காதீர்கள்

வீட்டில் அவளுக்கு அவசரம் என்று பெயர். குறைமாதத்தில் பிறந்த தங்கைக்கு அக்கா வைத்த பட்டம் அது. நாற்பது தாண்டியும் உதிராமல் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒட்டிக்கொள்ளக் காரணமும் இருந்தது. லிஃப்ட் வரும்வரை நிற்கப் பொறுக்காமல் படியேறிப் போவாள். மேலே மூச்சிரைக்க நின்றுகொண்டு, லிஃப்டில் நிதானமாக வந்து இறங்குகிறவர்களை முறைப்பாள். அடுப்பில் எது வெந்தாலும் மூடியைத் திறந்து திறந்து பார்ப்பாள். யாராவது பேசத் தொடங்கினால் பாதியில் பிடுங்கித் தானே முடித்துவைப்பாள்.

"கல்யாணம் ஆனதுலேருந்து நான் ஒரு பேச்சையாவது..." என்று கணவன் ஆரம்பிப்பான்.

"முழுசா பேசி முடிச்சதில்ல. தெரியும். சாவி எங்க?"

இப்படிப்பட்டவள் பிழைப்புக்குத் தேர்ந்தெடுத்த வேலைதான் வேடிக்கை. ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சியாளர். பக்கவாதம் வந்து பேச்சு போனவர்களை எதிரில் உட்காரவைத்து, தொலைந்த சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுக்கவைக்கிற வேலை. அந்த வேலையின் முதல் பாடமே காத்திருப்பதுதான். எதிரில் இருப்பவர் ஒரு சொல்லைத் தேடித் தவிக்கும்போது அதை எடுத்துக் கையில் கொடுத்துவிடக் கூடாது. கொடுத்தால் வாங்கிக்கொள்வார், மறுநாள் அதே சொல்லுக்கு மறுபடி கையேந்துவார். ரொம்பத் திணறினால் சத்தமில்லாமல் முதல் எழுத்துக்கு உதட்டைக் குவித்துக் காட்டலாம். அவ்வளவுதான் அனுமதி.

அதனால் அவசரம் வேலை நேரத்தில் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் உட்காருவாள். மேசைக்குக் கீழே கால் தையல் மெஷின்போல ஆடும். மேலே முகத்தில் ஒரு சலனம் இருக்காது. "எவ்வளவு பொறுமைம்மா உங்களுக்கு!" என்று நோயாளிகளின் வீட்டார் உருகிப்போவார்கள். சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போது, நாள் முழுக்க விழுங்கிய சொற்களெல்லாம் சேர்ந்து வெளியே கொட்டும். கணவன் ரேடியோவை அணைத்துவிட்டு உட்கார்ந்துகொள்வான்.

அவளிடம் மாஸ்டர் வந்து சேர்ந்தது போன வருஷம். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி ஒன்றைத் தம்பியோடு சேர்ந்து நடத்தியவர். காலையில் தெருவில் வண்டி. மாலையில் பள்ளியின் கண்ணாடி அறையில் சாலை விதிகள் வகுப்பு. அந்த வகுப்புக்கென்றே வேறு பள்ளியிலிருந்து ஆட்கள் வருவார்களாம், அப்படிப் பேசுவாராம். ஒரு நாள் வகுப்பின் நடுவிலேயே வாய் கோணிச் சரிந்தார். செயலிழந்த வலது கையும் காலும் பிறகு பாதி தேறிவிட்டன. பேச்சு மட்டும் கண்ணாமூச்சி ஆடியது. எல்லாம் புரியும், எல்லாம் தெரியும். கூப்பிட்ட சொல் மட்டும் வராது.

அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்த மாலை வகுப்பு. பயிற்சிக்கு வந்த முதல் மாதத்திலேயே, வெள்ளைத்தாளில் ஒரு பலகையும் அதன் முன்னால் ஒரு மனிதனும் வரைந்து காட்டி, மனிதனைத் தட்டித் தட்டிக் காட்டினார்.

தம்பிதான் ஒத்துக்கொள்ளவில்லை. அவன் மோசமானவன் இல்லை. அண்ணனைத் தினமும் வண்டியில் ஏற்றிக் கூட்டிவந்து வாசலில் காத்திருப்பவன் அவன்.

"மேடம், நான் அண்ணனை வேணாம்னு சொல்லல. ஆனா வர்றவங்க ஆபீஸ் முடிஞ்சு ஓடி வர்றவங்க. அண்ணன் ஒரு வார்த்தைக்கு நின்னுக்கிட்டே இருந்தா, ஒருத்தன் எழுந்து போவான். அவன் பின்னாடி ரெண்டு பேர் போவாங்க. அதைப் பார்த்தா அண்ணன் உடைஞ்சிடுவாரு. அதான் பயம்."

"போகமாட்டாங்க," என்றாள் அவசரம்.

"எப்படிச் சொல்றீங்க?"

எப்படிச் சொல்வது? அவளுக்கே தெரியாது. ஆனால் அவள்தான் அவசரமாயிற்றே. "எங்க மாநாட்டுல பேசட்டும்," என்று வாய் முந்திக்கொண்டது. "பெரிய கூட்டம். நான் பேசுற நேரத்துல பாதியை அவருக்குத் தர்றேன். நீங்களும் வந்து உட்கார்ந்து பாருங்க. யாராவது எழுந்து போறாங்களான்னு."

தம்பி யோசித்தான். "சரி. அங்க நின்னு சமாளிச்சிட்டார்னா வகுப்பு அண்ணனுக்கு. இல்லேன்னா இந்தப் பேச்சையே விட்டுடணும். சரியாண்ணே?"

மாஸ்டர் இடது கையால் மேசையைத் தட்டினார். சம்மதம்.

அன்று இரவுதான் அவளுக்கு உறைத்தது. ஆண்டுதோறும் நடக்கும் பேச்சுப் பயிற்சியாளர் மாநாட்டில் அவள் பேச ஒத்துக்கொண்டிருந்த தலைப்பே 'காத்திருத்தல்'தான். அக்காவிடம் போனில் சொன்னபோது எதிர்முனையில் பேச்சே இல்லை. பிறகு புரிந்தது, அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறாள்.

"நீயா? காத்திருக்கிறதைப் பத்தியா? கேட்க வர்றவங்களுக்கு உன்னைத் தெரியாதா?"

"தொழில்ல நான் வேற ஆளுக்கா."

"அப்ப அந்த வேற ஆளை ஒரு தடவை வீட்டுக்கு அனுப்பு. நாங்களும் பார்க்கிறோம்."

மாநாடு ஒரு பெரிய ஓட்டலின் மாடியில். கழுத்தில் கயிறு கட்டிய அட்டையை மாட்டிக்கொண்டு முன்னூறு பேச்சுப் பயிற்சியாளர்கள். அப்படி ஒரு கூட்டத்தை மாஸ்டரின் தம்பி பார்த்ததில்லை. யாரும் யாரையும் இடைமறிக்கவில்லை. ஒருவர் பேசி முடித்த பிறகும், இன்னும் ஏதாவது சொல்வாரோ என்று மற்றவர்கள் அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தேநீர் வரிசையில் "நீங்க முதல்ல" என்று ஒருவர் சொல்ல, மற்றவர் பதிலுக்கு அதையே சொல்ல, வரிசை நகரவேயில்லை. கடைசியில் தம்பி உள்ளே புகுந்து மூன்று கோப்பைகளைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"இவங்க கையில ஒரு சிக்னலைக் கொடுத்தா ஊரே நின்னுடும் மேடம்," என்றான்.

அவள் சிரிக்கவில்லை. அட்டைக் கயிற்றை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அன்று காலையிலிருந்து எங்கேயும் உட்காரவில்லை. மேடைக்குப் போய் ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்தாள், இறங்கினாள், திரையில் படம் வருகிறதா என்று பார்க்க மறுபடி ஏறினாள். மாஸ்டருக்கு வெந்நீர் வேண்டுமா, பாத்ரூம் போக வேண்டுமா, சட்டைப் பட்டன் இறுக்குகிறதா என்று கேட்டபடி இருந்தாள். மாஸ்டர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, உள்ளங்கையைத் தரையை நோக்கி மெதுவாகத் தாழ்த்திக் காட்டினார். வண்டி கற்றுக்கொள்கிறவர்களிடம் வேகத்தைக் குறை என்று காட்டுகிற சைகை.

அவர்கள் முறை வந்தது. தலைமை தாங்கிய பேராசிரியை மேசை மணியோடு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். நேரம் முடிந்தால் மணி அடிப்பார். அதில் தாட்சண்யம் கிடையாது. அவசரம் தன் பங்கைச் சீக்கிரமே முடித்தாள், கொஞ்சம் ஓடித்தான். கடைசிப் படம் திரையில் பெரிதாக நின்றது: சொல்லைக் கொடுக்காதீர்கள். அதன் கீழே மாஸ்டர் காலை இழுத்து இழுத்து நடந்துவந்து ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"வணக்கம். நான்... கார்... சொல்லிக்கொடுக்கிறவன்."

பயிற்சி செய்தபடி இருந்தது. அவள் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து கைகளைத் தொடைக்கடியில் செருகினாள். அடுத்து அவர் பக்கவாதம் வந்த நாளைச் சொல்ல வேண்டும், பிறகு நன்றி. வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்தது அதைத்தான்.

மாஸ்டர் கூட்டத்தைப் பார்த்தார். வரிசை வரிசையாக முகங்கள், பின்னால் வெள்ளைப் பலகைபோலத் திரை. அவருக்கு என்ன தோன்றியதோ, ஒத்திகையில் இல்லாத தெருவுக்குள் வண்டியைத் திருப்பினார்.

"முதல் நாள்... வர்றவங்க... கிட்ட. ஒண்ணு... சொல்வேன். வண்டி எடுக்க... முன்னாடி. முதல்ல..."

நின்றுவிட்டது.

வாய் திறந்தபடி இருந்தது. இடது கை காற்றில் எதையோ பிடிக்கப் பார்த்தது. கூட்டம் காத்திருந்தது, காத்திருப்பது அவர்கள் தொழில். ஆனால் தொழில் பழக்கம் லேசில் விடுமா? முன்வரிசையில் ஒரு பெண் சத்தமில்லாமல் உதட்டைச் சேர்த்து 'பி' என்று காட்டினாள். பிரேக். அவளுக்குப் பக்கத்திலிருந்த தாடிக்காரர் பல்லைக் காட்டி 'சீ' என்றார். சீட். அடுத்தவர் வாயைப் பிளந்து 'க'. கண்ணாடியாக இருக்கும். இரண்டாம் வரிசைக்குப் பரவியது, மூன்றாம் வரிசைக்குப் போனது. கொஞ்ச நேரத்தில் அரங்கமே தொட்டி மீன்களைப்போல வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது, ஒவ்வொன்றும் ஒவ்வொரு எழுத்துக்கு. மாஸ்டரின் கண்கள் ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குத் தாவின. நெற்றியில் வேர்த்தது. கடைசி வரிசையில் தம்பி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான்.

அவளால் முடியவில்லை. கைகள் தொடைக்கடியிலேயே இருந்தன. வாய் இருக்கவில்லை.

"பெல்ட்!" என்றாள். கழுத்தோரம் குத்தியிருந்த சின்ன ஒலிவாங்கியை அணைக்க மறந்திருந்தாள். அரங்கம் முழுக்கக் கேட்டது. "பெல்ட் போடணும்!"

தலைக்கு மேலே திரையில் அந்த எழுத்துகள் அப்படியே நின்றன. யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு ஒரு முப்பது பேர்.

"இல்ல!" என்றார் மாஸ்டர்.

திணறல் இல்லாமல், முழுசாக வந்த சொல். வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரல். சிரிப்பு நின்றது. அவர் அவளைச் சுட்டினார், பிறகு முன்வரிசையைச் சுட்டினார், இரண்டு விரல்களைத் தன் உதட்டில் வைத்து அழுத்திக் காட்டினார். "வாயை... மூடுங்க. எல்லாரும்."

முன்னூறு வாய்களும் மூடிக்கொண்டன.

மாஸ்டர் ஒலிவாங்கியை வைத்துவிட்டுக் காலை இழுத்தபடி பேச்சு மேசையைச் சுற்றி நடக்கத் தொடங்கினார். முன்பக்கம் வந்தார். சிரமப்பட்டுக் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார். நிமிர மேசையைப் பிடித்துக்கொண்டார். நேரம் முடிந்தது என்று மணி அடித்தது. திரும்பிக்கூடப் பார்க்காமல் போலீஸ்காரரைப்போலக் கையை நீட்டி அதை நிறுத்தினார். பேராசிரியை மணியை மடியில் வைத்துக்கொண்டார். மாஸ்டர் பின்பக்கம் போனார், அங்கேயும் குனிந்தார், அங்கிருந்து எதையோ, ஒரு நாயையோ குழந்தையையோ, கையசைத்து விரட்டினார். பிறகு பழைய இடத்துக்கு வந்து ஒலிவாங்கியை எடுத்தார்.

"இறங்கணும்," என்றார். "முதல்ல... இறங்கணும். சுத்தி... பார்த்து. அப்புறம்... ஏறணும்."

கைதட்டல் ஓய்ந்ததும் கேள்வி நேரம். தாடிக்காரர் எழுந்தார். "மேடம், நோயாளி திணறும்போது சொல்லைக் கொடுத்தா என்ன ஆகும்னு உங்க அனுபவத்துல..."

"தப்பான சொல்லைக் கொடுப்போம் சார்," என்றாள் அவள், அவர் முடிக்கும் முன்பே. "இப்பத்தான் பார்த்தீங்களே."

நடைவழியில் தம்பி அண்ணனின் சட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தான். கண் கலங்கியிருந்தது, ஆனால் முகம் தெளியவில்லை.

"யாரும் எழுந்து போகலதான். ஆனா மேடம், இவங்க டாக்டர் மாதிரி ஆளுங்க. நம்மகிட்ட வர்றவங்க அப்படியா?"

"நீங்க வாக்கு கொடுத்திருக்கீங்க."

"கொடுத்தேன். இல்லைங்கல." பெருமூச்சு விட்டான். "சனிக்கிழமை ஒரு வகுப்பு. பின்னாடி நான் உட்கார்ந்திருப்பேன். எப்படிப் போகுதுன்னு பார்த்துட்டுத்தான் மேற்கொண்டு."

"நானும் வர்றேன், ஒரு ஓரமா..."

"மேடம்," என்றார் மாஸ்டர். அவள் நிறுத்தினாள். அவர் சொல்லைத் தேடினார். இந்த முறை அவள் உதட்டைக்கூட அசைக்கவில்லை. "நீங்க... வரக் கூடாது."

தம்பி பதறினான். "அண்ணே! அப்படியா பேசுறது?"

"பேசட்டும் விடுங்க," என்றாள். "சரியாத்தான் பேசுறார்."

வகுப்புக்குள் வரக் கூடாது என்றுதானே சொன்னார், தெருவுக்கு வரக் கூடாது என்று சொல்லவில்லையே. சனிக்கிழமை மாலை எதிர்ச்சாரியில் மருந்துக் கடைக்கு வெளியே அவள் நின்றாள். தேவையில்லாமல் ஒரு தலைவலித் தைலம் வாங்கினாள். கண்ணாடி அறையில் விளக்கு எரிந்தது. நாற்காலிகளில் ஏழெட்டுத் தலைகள், பின்னால் தம்பி, பலகைக்கு முன்னால் மாஸ்டர். சத்தம் கேட்காது. அவர் வாய் அசைந்தது. கை ஒரு வளைவைக் காட்டியது. தலைகள் ஆடின. ஒருவன் சிரிப்பது தோள் குலுங்குவதில் தெரிந்தது. பிறகு மாஸ்டரின் கை காற்றில் நின்றுபோனது. வாய் திறந்தபடி இருந்தது.

ஒருவன் கைப்பேசியைப் பார்த்தான். ஒரு பெண் மடியிலிருந்த பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். எழப்போகிறாளா, சும்மா சரிசெய்கிறாளா? தம்பி எழுந்து நின்றான், ஏதோ சொல்ல வாயெடுத்தான், மறுபடி உட்கார்ந்தான்.

வளைவைப் பற்றித்தான் பேசியிருக்கிறார். ஹாரனா? கண்ணாடியா? கியரா? அவள் நடைபாதையின் விளிம்புக்கு வந்துவிட்டாள். சாலையைக் கடந்தால் பத்தடி. கண்ணாடியைத் தட்டினால் போதும். ஒரு பஸ் வந்து குறுக்கே நின்று, ஆட்களை இறக்கி, ஏற்றி, சாவகாசமாக நகர்ந்தது. அது போன பிறகும் அவர் கை காற்றிலேயே இருந்தது. பையை மாட்டிய பெண் அதே நாற்காலியில் இருந்தாள்.

அவசரம் திரும்பி நடக்கத் தொடங்கினாள், வழக்கம்போல வேகமாக. ஹாரன், கண்ணாடி, கியர், இண்டிகேட்டர் என்று தெருமுனை வரைக்கும் சொற்கள் வாய்க்குள் முட்டிக்கொண்டே வந்தன. ஒன்றையும் அவள் வெளியே விடவில்லை.