உங்கள் அத்தை போக மறுத்த குளத்தடிச் சந்தை

பிள்ளைகளே, உங்கள் அத்தை கண்மூடி ஓராண்டு நிறைகிறது. உறவினரும் நண்பர்களும் வாசிக்கும் நினைவு மலர் என்றாலும், இதை உங்களுக்காகவே எழுதுகிறேன். அதிகம் படித்தவன் அல்லன்; பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கலேவெலப் பக்கத்துக் குளத்தடிச் சந்தைக்கு அத்தை ஒருமுறைக்கு மேல் ஏன் போகவில்லை என்று நிரோஷா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். இந்த வருடம் அங்கே விற்பனை மேசை போடவேண்டும் என்றும் பிடிவாதமாக நிற்கிறாள். அதற்கு முன் இதை அவள் வாசிக்க வேண்டும்.

என் அக்காவான உங்கள் அத்தை, மாத்தளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடொன்றில் பிறந்தவர். கொழுந்து பறித்து என்னைப் படிக்கவைத்தார். மணமான கொஞ்ச காலத்தில் மாமா தவறிப்போனார். பிள்ளை இல்லை. அலுவிகாரையில் நம் வீட்டுக்கு வந்தபின், கம்பளி நூலில் கைக்குழந்தைத் தொப்பி பின்னி விற்கத் தொடங்கினார். உச்சியில் நூலை முறுக்கி ஒரு முடிச்சுப் போடுவார். வேறெவரும் அப்படி முடிப்பதில்லை.

எந்தச் சந்தைக்குப் போவது என்பதில் அவர் கண்டிப்பானவர். முதல் வருடம் வெறுங்கையோடு போய் வாசலில் நின்று பார்ப்பார். "வாறவங்களப் பாக்காத தம்பி, போறவங்க கையப் பாரு," என்பார். பலூனும் வடையும் மட்டும் போனால் அந்த இடம் வேண்டாம். டவுன் கண்காட்சிகளில் கர்ப்பிணிகள் தொப்பியைத் தடவிப் பார்த்துவிட்டு, பிள்ளை பிறக்குமுன் வாங்க அஞ்சி வைத்துவிடுவார்கள். வஹகோட்டைத் தேவாலயத் திருவிழாவில் தாய்மார் பிள்ளையோடு வருவார்கள், அங்கே விற்கும். வடைக்கடைக்குப் பக்கத்தில் மேசை கொடுத்தால் மட்டும் சண்டைதான். "புள்ள தலையில எண்ண வாட அடிக்கவா அண்ணே?"

குளத்தடிச் சந்தைக்கு மட்டும் பார்க்காமலே போனோம். நடத்துகிறவர்கள் வீடு தேடிவந்து அழைத்திருந்தார்கள். வற்றிய குளத்துக்குள் சனம் நிறைந்திருந்தது. மதியத்துக்குள் பாதித் தொப்பிகள் போய்விட்டன. அப்போது அத்தை என் கையைப் பிடித்தார்.

"தம்பி, ஒரு கைப்புள்ளயவாவது கண்டியா?"

சுற்றிப் பார்த்தேன். அத்தனை சனத்தில் ஒரு குழந்தை இல்லை. அழுகுரல்கூட இல்லை.

தொப்பி வாங்கிய பெண்ணிடம் அத்தை சிங்களத்தில் கேட்டார். "புள்ளைக்கு எத்தன மாசம்?"

"ரெண்டு."

"எங்க புள்ள?"

"தூங்குது."

அடுத்தவளும் ரெண்டு என்றாள், தூங்குது என்றாள். அதற்கடுத்தவளும் அப்படியே.

அவர்கள் பின்னாலேயே போனோம். குளத்தின் ஓரத்தில் ஒரு மருதமரம். பிள்ளை வரம் கேட்பவர்கள் கோயில் மரத்தில் தொட்டில் கட்டுவதுபோல, அங்கே தொப்பி கட்டுகிறார்கள். கிளையெல்லாம் தொப்பி. காற்றுப் புகுந்து, உள்ளே தலை இருப்பதுபோல ஒவ்வொன்றும் உப்பியிருந்தது. வெளிறிப்போன பழைய தொப்பிகளும் இருந்தன. அவற்றின் உச்சியிலும் அத்தையின் முடிச்சு. நாங்கள் அங்கே போனது அதுவே முதல் தடவை.

"வஹகோட்டையில வாங்கியிருப்பாங்க அக்கா," என்றேன்.

"இருக்கும்," என்றார். பிறகு, "காத்து நின்னுருச்சு தம்பி," என்றார். மெய்தான். ஓர் இலை அசையவில்லை. தொப்பிகள் மட்டும் உப்பியபடியே இருந்தன. "அந்தா, அது இங்கிட்டுத் திரும்புது."

நான் பார்க்கவில்லை. போய் மேசையை மடித்தேன். அதன்பின் எத்தனை முறை அழைத்தும் அத்தை அங்கே போனதில்லை.

நோயில் கிடந்த கடைசி நாட்களில், "மரத்துல இருக்கிற புள்ளைங்கள யாராச்சும் எறக்கி விடுங்க," என்று கேட்டபடியே இருந்தார். "எறக்கிட்டோம் அண்ணி," என்று உங்கள் அம்மா சொன்னால்தான் கண்ணை மூடுவார்.

கருமாதி அன்று குளத்தடிப் பக்கத்துப் பெண்கள் வேனில் வந்ததைப் பார்த்தீர்கள். எல்லார் இடுப்பிலும் பிள்ளை. அத்தையின் படத்துக்கு முன் பிள்ளைகளின் தலையைத் தாழ்த்திக் கும்பிட்டார்கள். "சந்தைக்கு நீங்களாவது வருவீங்கதானே?" என்று கேட்டதற்கு, நான் வாய் திறக்குமுன் நிரோஷா, "வாறேன்," என்றாள்.

அத்தையை முகம் சுளிக்காமல் பார்த்த தாதியருக்கும், பந்தல் போட்டு மூன்று வேளையும் சோறு தந்த அயலவருக்கும், வேனில் வந்த தாய்மாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

நிரோஷா, கொடுத்த சொல்லை மீற வேண்டாம். நானும் வருகிறேன். ஏணி ஒன்று கொண்டுபோவோம். வரம் கிடைத்த தாய்மார் சம்மதித்தால், அவர்கள் கட்டியவற்றை இறக்குவோம். நான் மேலே ஏறி அவிழ்த்துத் தருகிறேன், நீ கீழே நின்று வாங்கு. ஏதாவது ஒன்று கனமாக இருந்தால் சத்தம் போடாதே மகளே. கழுத்தைத் தாங்கிப் பிடி.