இருபத்துமூன்று புட்டிகளும் ஒரு கருவாடும்

உப்பை இனம் காணும் தொழிலில் பாதி வேதியியல், பாதி வாய்ச்சவடால்; எனக்கு இரண்டாவது பாதிதான் சரளமாக வரும். சோதனைக்குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு திருதிருவென்று முழித்தவர்களே, உங்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

சுத்தம்

ஜப்பான்காரன் காலம். மலாக்கா காஜா பெராங்கில் ஒரு மருந்தகத்தில் எனக்கு உதவியாளர் வேலை. புது அதிகாரி வருகிறார், வாசல் பலகையில் ஆங்கிலம் இருக்கக்கூடாது என்று உத்தரவு. எங்கள் கம்பவுண்டர் சின்னப்பன், பலகையோடு நிற்காமல் அலமாரியிலிருந்த இருபத்துமூன்று புட்டிகளின் லேபிளையும் ஊறவைத்து உரித்துவிட்டான். எல்லாமே வெள்ளைப் பொடி!

அங்கே வேதியியல் படித்தவன் நான் ஒருவன்தான். ஒரு வாரத்தில் எல்லாவற்றுக்கும் சரியான பெயர் எழுதாவிட்டால் சயாமுக்கு ரயில்பாதை போட அனுப்பிவிடுவேன் என்றார் அதிகாரி. அங்கே போன யாரும் அதுவரை திரும்பவில்லை. நான் அப்போதே சோதனைக்குழாய்களைத் தேடத் தொடங்கினேன். சின்னப்பன் மட்டும் புட்டிகளைப் பெருமையாகப் பார்த்து, "பளிச்சுன்னு இருக்கில்ல அண்ணே?" என்றான்.

எல்லாம் மஞ்சள்

கம்பி நுனியில் பொடியைத் தொட்டுச் சுடரில் காட்டினால், மஞ்சளாக எரிந்தால் சோடியம். முதல் புட்டி மஞ்சள். இரண்டாவதும் மஞ்சள். மூன்று நாளில் பதினெட்டு புட்டிக்குச் சோடியம் என்று எழுதிவிட்டு, நான் மேதை என்றே நினைத்துக்கொண்டேன்.

கை கழுவச் சவர்க்காரம் கிடைக்காத காலம். மத்தியானம் மரவள்ளிக்கிழங்கும் கருவாடும் தின்றுவிட்டு, கையை இடுப்பில் கட்டிய சாரத்தில் துடைத்துக்கொண்டு அதே விரலால் கம்பியைத் தடவிக்கொண்டிருந்திருக்கிறேன். சின்னப்பன் கம்பியை மோந்து பார்த்தான். "அண்ணே, இது சோடியம் இல்ல, கருவாடு."

வெள்ளை வெளேர்

சாம்பல் போட்டுக் கையைத் தேய்த்தேன். அடுத்தது குளோரைடு சோதனை. வெள்ளி நைட்ரேட் விட்டால் பால் திரிந்த மாதிரி வெள்ளையாகும். ஆயிற்று, ஒன்று விடாமல்! வெறும் தண்ணீரில் விட்டுப் பார்த்தேன், அதுவும் திரிந்தது.

தண்ணீர் இறைத்துக் கொடுத்தது கூட்டிப் பெருக்கும் அஞ்சலையக்கா. விசாரித்தேன். "அந்தக் கிணத்துத் தண்ணியில கிழங்கு அவிச்சா நான் உப்பே போடறதில்லையே தம்பி" என்றாள்.

கடைசிப் புட்டி

மழைத்தண்ணீர் பிடித்து மறுபடி முதலிலிருந்து. ஏழாம் நாள் காலை இருபத்திரண்டு முடிந்தது, அதிலும் பாதி குத்துமதிப்பு. கடைசிப் புட்டி மஞ்சளாக எரிந்தது, வெள்ளையாகத் திரிந்தது. "சாப்பாட்டு உப்பு!" என்று குதித்தேன். அஞ்சலையக்கா ஓடிவந்து கையைப் பிடித்தாள். பிள்ளைகளுக்காகக் காலி மருந்துப் புட்டியில் அவள் ஒளித்துவைத்த உப்பு அது. உப்பு பதுக்கினால் அடி பின்னிவிடுவார்கள்.

அந்த நேரம் பார்த்து அதிகாரி உள்ளே வந்தார். இருபத்துமூன்றில் அதையே கையில் எடுத்து, "இது என்ன?" என்றார் மலாயில். உண்மையைச் சொன்னால் அவளுக்கு அடி, பொய் பிடிபட்டால் எனக்குச் சயாம். "ராச்சூன்! விஷம்!" என்று கத்தினேன். மூடியைத் திறந்து விரலை விடப் போனவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். மற்றதைத் தொடவேயில்லை, போய்விட்டார்.

சாயங்காலம் புட்டியை அஞ்சலையக்காவிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. "விஷம்னு அவ்வளவு அடிச்சுச் சொன்னீங்களே தம்பி, நெசமாவே உப்புதானே?"

அந்த இருபத்துமூன்றில் நான் சந்தேகமில்லாமல் கண்டுபிடித்தது அந்த ஒன்றைத்தான், அதையும் நம்பவைக்க அவள் முன்னால் ஒரு சிட்டிகை நானே தின்று காட்ட வேண்டியதாயிற்று.