வலது மூக்கு நத்து

என் வீட்டுக்காரர் ரயிலில் ஏறினால் அவர் கண்ணுக்கு மனுசர்கள் தெரியமாட்டார்கள். காதும் மூக்கும் கழுத்தும்தான் தெரியும். மாட்டுங்காவில் ஏறித் தாதரில் இறங்குவதற்குள் நாலு பெண்களாவது அவரை முறைத்துவிட்டுப் போயிருப்பார்கள். "என்னத்த அப்படிப் பாக்கிய?" என்று கேட்டால், "தோட்டைத்தான் பாக்கேன், வேற என்னத்தப் பாக்க?" என்பார், முகத்தில் ஒரு கள்ளமும் இல்லாமல். நான் பக்கத்தில் நிற்கிற நாட்களில் அடி வாங்காமல் தப்பித்தார். நான் இல்லாத நாட்களில் எப்படித் தப்பித்தார் என்று எனக்குத் தெரியாது.

அவர் நகை ஆசாரி. கல்யாணமாகி திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து நான் பம்பாய் வந்தபோது, தாராவியில் எங்களுக்கு இருந்தது ஒரே ஓர் அறை. அதில் முன்பாதி பட்டறை, பின்பாதி குடித்தனம். மாட்டுங்கா ஆபீஸ்காரர் வீட்டு மாமிகள்தான் அவருக்கு வாடிக்கை. புதிதாக ஏதாவது செய்து கொடுத்தால், "இந்த டிசைன் எங்கே பார்த்தேள்?" என்று மாமிகள் கேட்பார்கள். "எல்லாம் கோயில் சிற்பம்" என்பார். அப்பட்டமான பொய். ரயில் பெட்டியில் மேலே தொங்கும் கைப்பிடிகள் வரிசையாக ஆடுவதைப் பார்த்து ஒரு ஜிமிக்கி செய்தார். டிராம்பேயில் எண்ணெய் ஆலைக் குழாயின் உச்சியில் எரிகிற தீயைப் பார்த்துவிட்டு வந்து, சிவப்புக் கல் வைத்து ஒரு பதக்கம் செய்தார். அதை ஒரு மாமி அம்மன் சந்நிதி விளக்கு என்று நினைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் சிரிப்பை அடக்கப் பின்பாதிக்கு ஓடினேன்.

பிறகு அறுபத்துமூன்றில் அந்தச் சட்டம் வந்தது. பதினாலு காரட்டுக்கு மேல் புது நகை செய்யக்கூடாது என்றார்கள். "பதினாலு காரட்டா? அதுக்கு நான் வெறுங்காதோடயே கல்யாணத்துக்குப் போயிடுவேன்" என்று சொல்லிவிட்டு மாமிகள் போனார்கள். போனவர்கள் திரும்பி வரவில்லை. அவர் பித்தளையிலும் வெள்ளியிலும் கம்பி இழுத்து, முலாம் பூசி, கண்ணாடிக் கல் வைத்துச் செய்து பார்த்தார். நான் தாதர் சந்தையில் செயற்கை முத்து வாங்கிவந்து கோத்தேன். முத்துக் கோப்பதில் என் கை அவர் கையைவிடச் சுத்தம். அதை அவர் வாயால் சொல்லாவிட்டாலும், சிக்கலான கோர்வை வந்தால் தட்டை மெல்ல என் பக்கம் தள்ளிவிடுவார். எல்லாம் அழகாகத்தான் இருந்தது, வாங்கத்தான் ஆள் இல்லை.

என் அண்ணன் அப்போது டிராம்பேயில் ஓர் ஆலையில் வேலை பார்த்தார். அங்கே ஸ்டோரில் ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும், யார் யார் காலையோ பிடித்து என் வீட்டுக்காரருக்கு ஓர் இடம் சொல்லி வைத்துவிட்டார். வருகிற முதல் தேதியில் சேர வேண்டும். நல்ல வேலை, நிலையான வேலை, குறை சொல்ல ஒன்றுமில்லை. அவரும் சரி என்று தலையாட்டினார். ஆனால் அன்றிலிருந்து ரயிலில் ஏறினால் ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தார். எதிரில் ஒருத்தி காது நிறைய வைரம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாலும் திரும்பவில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை. யாரையாவது பார்த்துத் தொலையுங்களேன் என்று சொல்லலாம்போல் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் தாதரில் கல்யாணச் சாமான் கடை வைத்திருந்த மராட்டி அம்மாள் எங்களைக் கூப்பிட்டாள். மராட்டிக் கல்யாணப் பெண்ணுக்கு மூக்கில் பெரிய முத்து நத்து இல்லாமல் ஆகாது. தங்கத்தில் கிடைக்காத காலம், அதனால் முலாம் பூசியதற்குக் கிராக்கி. இரண்டு டஜன் செய்து கொடுங்கள், நன்றாக வந்தால் வருசம் முழுக்க வேலை தருகிறேன் என்றாள். மாதிரிக்குத் தன் சொந்த நத்தை எடுத்துக் காட்டினாள். மாமியார் கொடுத்ததாம், கையில் தரமாட்டாளாம். மேசைக்கு அந்தப் பக்கம் நின்று மூக்கில் மாட்டிக் காட்டினாள். இவர் இந்தப் பக்கம் நின்று பார்த்தார். அவர் பார்த்தால் போதும், படம் பிடித்த மாதிரி.

வீட்டுக்கு வரும் வழியில் என்னிடம் சொன்னார். "ஏளா, இது மட்டும் நல்லா வந்துட்டுன்னா, மச்சான்கிட்ட வரலன்னு சொல்லிருவேன்." நானும் மனசுக்குள் எல்லாத் தெய்வத்துக்கும் ஒரு கும்பிடு போட்டேன்.

முதல் நத்து முடிந்ததும் என் மூக்கில் மாட்டிப் பார்த்தார். அந்த நத்துக்கு ஒரு பக்கம் மாங்காய் மாதிரிப் புடைத்திருக்கும், மறுபக்கம் முத்துகள் வளைந்து இறங்கும். புடைத்த பக்கம் கன்னத்தைப் பார்த்து உட்கார வேண்டும். என் மூக்கிலோ அது நடு உதட்டுக்கு வந்து இடித்தது. முத்துச்சரம் வெளியே கோணிக்கொண்டு நின்றது. "இத மாட்டிட்டு எப்படி வாயத் தொறக்க?" என்றேன். அவர் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். பிறகு தொடையில் தட்டிக்கொண்டார். "எதுத்தாப்புல நின்னு பாத்தேம்லா, அதான் எடம் வலம் மாறிப்போச்சி" என்றார். அதோடு அந்த முதல் நத்தை ஓரமாகப் போட்டுவிட்டு, அப்படியே திருப்பி இன்னொன்று செய்தார். அது என் மூக்கில் பிறந்ததிலிருந்தே இருந்த மாதிரி உட்கார்ந்துகொண்டது. நான் அதைப் போட்டுக்கொண்டே குழாயடிக்குப் போனேன். நம் ஊர்ப் பெண்கள் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். மராட்டிப் பெண்கள் சிரித்தார்கள். சந்தோசத்தில் சிரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நானும் சிரித்தேன்.

அதே மாதிரியில் இரண்டு டஜனையும் முடித்தோம். தாதருக்குக் கொண்டுபோனோம். கடைக்கார அம்மாள் ஒன்றை எடுத்துத் தன் மூக்கில் வைத்தாள். திருப்பி வைத்தாள். இன்னொன்றை எடுத்தாள். பிறகு என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "உல்டா, எல்லாமே உல்டா" என்றாள் இந்தியில். என் மூக்கைக் காட்டி, "இதில் சரியாகத்தானே இருந்தது" என்றேன். அவள் தன் மூக்கைக் காட்டினாள். அவளுக்குக் குத்தியிருந்தது இடது பக்கம். அவள் என் மூக்கையும் நான் அவள் மூக்கையும் பார்த்துக்கொண்டு நின்றோம். எத்தனை வருசமாக மராட்டிப் பெண்களோடு ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறேன், சண்டை போடுகிறேன், ஒருத்தி மூக்கைக்கூட நான் ஒழுங்காகப் பார்த்ததில்லை. எங்களுக்கெல்லாம் வலது பக்கம்தான் என்பதால், உலகத்துக்கே வலது பக்கம் என்று இருந்துவிட்டோம். ஊரார் காதையெல்லாம் பார்க்கிற மனுசரும் என் மூக்கைத்தான் நம்பியிருக்கிறார்.

கல் பதித்த முகம் ஒன்றுதான், பின்பக்கம் வெறும் கம்பி. அதனால் திருப்பிப் போடவும் வழியில்லை. மாத முடிவுக்குள் சரியானதைக் கொடுத்தால் வாங்குகிறேன், இல்லையென்றால் புனாவிலிருந்து தருவித்துக்கொள்கிறேன் என்றாள் அந்த அம்மாள். கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அந்தச் சிரிப்புதான் எனக்கு எரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவர் குறடு, சாமணம், ஊதுகுழல் எல்லாவற்றையும் துடைத்துத் தகரப் பெட்டியில் அடுக்கினார். "மச்சான்கிட்ட வாறேன்னு சொல்லிரு" என்றார். எனக்கு அவர் மேல் கோபம், என் மூக்கின் மேல் கோபம், மொத்த மகாராஷ்டிரத்தின் மேலும் கோபம். பொட்டலத்தைப் பிரித்துத் தட்டில் கொட்டினேன். முத்தையாவது உருவி எடுக்கலாம் என்று நினைத்தேன். தட்டின் ஓரத்தில் அந்த முதல் நத்து கிடந்தது, அவர் வேண்டாமென்று போட்ட சரியான நத்து. அதன் பக்கத்தில் ஒரு தப்பான நத்து போய் விழுந்தது. இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு கிடந்தன, அண்டை வீட்டுக்காரிகள் வாசலில் நின்று பேசுகிற மாதிரி.

நான் இரண்டையும் எடுத்து, இந்தக் காதில் ஒன்றும் அந்தக் காதில் ஒன்றுமாகப் பிடித்துக்கொண்டு கண்ணாடி முன்னால் போனேன். மாங்காய் வயிறு இரண்டு கன்னத்தையும் பார்த்தது. முத்துகள் காதின் பின்னால் வளைந்து இறங்கின. அப்படி ஒரு நகையை நான் எந்தக் காதிலும் பார்த்ததில்லை.

"ஏங்க, இங்க பாருங்க" என்றேன்.

பெட்டியை மூடிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். என் காதைப் பார்த்தார். அந்தப் பழைய பார்வை, ரயிலில் அடி வாங்கித் தரக்கூடிய பார்வை. எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"கொக்கிய மாத்தணும்" என்றார். "கனம் கூடுதல். காது தாங்காது."

"முத்தக் கொறைங்க."

"முத்தக் கொறச்சா மூளியா இருக்கும்."

"அப்ப மேல ஒரு சரம் விட்டு முடியில மாட்டுங்க. கனத்த முடி தாங்கிக்கிடும்."

அவர் பெட்டியைத் திறந்தார்.

அதன் பிறகு நாங்கள் போட்ட சண்டைக்கு அளவில்லை. அவருக்கு ஒரு வளைவு வேண்டும், எனக்கு அது கூடாது. பாதிக்கு மேற்பட்ட நத்துகளைப் பிரித்து, அந்த முத்தையும் கல்லையும் வைத்து இடப்பக்கத்து நத்துகள் செய்தோம். சிலதைக் கடைக்கு நத்தாகவே வைத்தோம். மீதியைத் தப்பானதோடு சேர்த்துக் காதுக்கு ஜோடி ஆக்கினோம். சோறு பொங்கியதும் அவர்தான், என் கையில் ஊசியும் நூலும் இருந்ததால். குழைந்த சோறு. ஆனாலும் தின்றேன்.

தாதர் அம்மாள் நத்துகளைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு ஜோடிகளைக் கையில் எடுத்தாள். காதில் மாட்டினாள், கண்ணாடி முன்னால் போனாள், வாடிக்கைக்காரி ஒருத்தி வந்து நின்றும் கழற்றவில்லை. அந்த வாடிக்கைக்காரி தனக்கும் ஒன்று கேட்டாள். இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று அம்மாள் இவரைப் பார்த்துக் கேட்டபோது, பழையபடி கோயில் சிற்பம் என்று அவிழ்த்துவிடப்போகிறார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் என்னைக் காட்டி, "இவள் மூக்கிலிருந்து" என்றார் அரைகுறை இந்தியில். கடை முழுக்கச் சிரித்தது. இந்தத் தடவை எனக்கு எரியவில்லை.

முதல் தேதி காலையில் அண்ணன் வந்தார். கூடவே பஸ்ஸில் அழைத்துப்போவதாக ஏற்பாடு. அதற்குள் தாதரிலிருந்து இன்னொரு சுற்று வேலை வந்து, தட்டு முழுக்க முத்தும் கம்பியுமாகக் கிடந்தது. இவர் ஊதுகுழலை வாயில் வைத்து ஊதிக் கம்பியைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் வாயை எடுத்தால் பற்று விட்டுவிடும். கண்ணாலேயே என்னைப் பார்த்தார், நீ சொல்லு என்று.

"மாப்ள, என்ன இன்னும் கெளம்பல? பஸ்ஸு போயிரும்லா" என்றார் அண்ணன்.

"அவுக வரலண்ணே" என்றேன். "வேலை கெடக்கு."

"வேலைக்குத்தான கூப்பிடுதேன்."

"இது எங்க வேலைண்ணே."

அண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது. எத்தனை பேர் காலைப் பிடித்து வாங்கிய இடம். அவர் தட்டைப் பார்த்தார், என் மடியில் கிடந்த முத்துச்சரத்தைப் பார்த்தார், யாரைத் திட்டுவது என்று தெரியாமல் வாசலிலேயே நின்றார்.

பற்றவைத்து முடித்ததும் என் வீட்டுக்காரர் ஊதுகுழலைக் கீழே வைத்தார். உதட்டைத் துடைத்துக்கொண்டார்.

"கோவிச்சுக்கிடாதிய மச்சான்" என்றார். "நான் இவகிட்ட வேலைக்குச் சேந்துட்டேன்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கோர்வை விட்டுப்போகுமே என்று நூலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "மொத வேலையா அண்ணனுக்கு டீ போடுங்க" என்று அவரிடம் சொன்னேன். அவரும் எழுந்து போய்ப் போட்டார்.