நான் திறந்த இருட்டறைக் கதவு

எழுபதுகளின் கடைசியில் திருவண்ணாமலை போட்டோ ஸ்டுடியோ ஒன்றில் டிசைன் வேலை பார்த்தேன். ஒருநாள் மறதியாக இருட்டறைக் கதவைத் திறந்துவிட்டேன். உள்ளே ஆளில்லாமல் மருந்துத் தட்டில் ஊறிக்கொண்டிருந்த கல்யாணப் படத்தில் மாப்பிள்ளை முகம் கறுத்து, ஓரமெல்லாம் வெள்ளிக்கோடு விழுந்தது. பழியை பிரிண்ட் போடும் பஷீர் பாய்மேல் போட்டேன். முதலாளியிடம் அவர்தான் திட்டு வாங்கினார்.

மறுவாரம் ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருந்த வெள்ளைக்காரர், அந்தக்கால பாரிஸ் கலைஞர்களின் போட்டோப் புத்தகத்தைக் காட்டினார். அதே கறுத்த முகம், அதே வெள்ளிக்கோடு. வேண்டுமென்றே வெளிச்சம் விட்டுச் செய்தார்களாம். தலைகால் புரியாமல் புத்தகத்தோடு பாயிடம் ஓடினேன்.

"பாய், இத பாருங்க. அன்னிக்கு நான் கதவத் தொறந்தேன்ல, அதேதான்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

பாய் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும். இன்னொரு தபா தொறங்க, பாப்போம்."

நான் செய்ததிலேயே எனக்குப் பிடித்தது, அன்று இருவரும் சேர்ந்து கெடுத்த படம்தான்.